தொலைக்காட்சியும் வீட்டுச் சாவடியும்

மறையூரிலிருந்து உடுமலைப்பேட்டை செல்லும் நேர்வழியில் எவ்வண்டியும் சின்னாறு சோதனைச் சாவடியைக் கடந்தாக வேண்டும் என்பதை நேயர்கள் அறிவர். வீட்டு ரவுட்டரும் அத்தகைய சாவடியே.

நமது ஸ்மார்ட் தொலைக்காட்சி எங்கெங்கே தொடர்பு கொள்கிறது என்று காணவும், வேண்டாதனவற்றைத் தடுக்கவும் பிராக்ஸி என்னும் இடையாள் உதவுவான். ஆனால் அவன் முகவரியைப் பதிய இத்தொலைக்காட்சிகள் பலவற்றில் இடமே இல்லை. எனவே அவ்வேலையை ரவுட்டரிடம் ஒப்படைக்கிறோம். முதலில் தொலைக்காட்சிக்கு மாறாத உள்வீட்டு முகவரி ஒன்றை ஒதுக்கி, அங்கிருந்து 80, 443 ஆகிய வாயில்களுக்குப் புறப்படுவனவற்றைப் பிராக்ஸியின்பால் திருப்புகிறோம். 2004-இல் தொடங்கிய ஓப்பன்டபிள்யுஆர்டி மென்பொருளை ஏற்கும் ரவுட்டரில் இது இயலும்; இணைப்புடன் தரப்படும் பெட்டிகளில் பெரும்பாலும் இயலாது.

சிக்கல் 443-இல்தான். அவ்வழிச் செல்வது முத்திரையிட்ட மடல். இடையில் உடைத்தால் தொலைக்காட்சி ஏற்க மறுக்கும். ஆகவே உடைக்காமல் கடத்தும் சாக்ஸ் முறையே பொருந்தும். டிசிபி வழியை மட்டும் திருப்பினால், யூடிபி வழியே வரும் படக்காட்சி சாவடியைச் சுற்றிக்கொண்டு போய்விடும். 443-இல் அதனை அடைத்துவிட வேண்டும்.

முத்திரை உடையாவிடினும், மடல் யாருக்குப் போகிறது என்பதைப் பிராக்ஸி நடத்துபவர் அறிவார். இலவசமென்று அயலார் திறந்த சாவடியில் நம் வீட்டாரின் தடத்தை விட்டுவைக்க நமக்கு மனமில்லை. வீட்டிலுள்ள பழைய கணிப்பொறியிலேயே பிராக்ஸியை அமைத்துக்கொள்ளலாம். மின்சாரம்தான் சற்றுக் கூடுதலாகும்.