கொல்லப்படும் பேரோந்தியும் காக்கப்படும் உடும்பும்

பெங்களூரு சிவாஜிநகரில் 1927ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ரசல் சந்தையில் மீன், கோழி, ஆட்டிறைச்சி எனப் பலவும் கிடைக்கும். ஆயினும் உடும்பிறைச்சியை எவரும் அங்குக் கடைவிரித்து விற்க இயலாது, விற்றால் சிறைதான். உடும்பைப் போலவே பல்லி வகையைச் சேர்ந்த பேரோந்தியை அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வேட்டையாடிச் சமைத்து உண்ணலாம், சட்டம் தடுப்பதில்லை. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

இகுவானா எனப்படும் பச்சைப் பேரோந்தியின் தாயகம் நடு அமெரிக்காவும் தென்னமெரிக்காவும் ஆகும். அங்கு அது பழங்கால உணவு. ஸ்பானிய மொழியில் அதற்கு 'மரக்கோழி' என்று பொருள்படும் பெயரும் உண்டு. செல்லப்பிராணியாக வளர்க்கப்பட்டுத் தப்பியும், வளர்த்தோரால் வெளியே விடப்பட்டும் அது புளோரிடாவில் பரவியது. 1960களிலேயே அங்குக் காணப்பட்டது. வெப்பமான தட்பவெப்பம், நிறைந்த தழை, குறைந்த பகைவிலங்குகள் ஆகியவை அதற்கு வாய்த்தன. ஐந்தடிக்கு மேல் வளரும் இவ்விலங்கு ஒருமுறைக்கு எழுபது முட்டைகள் வரை இடக்கூடும். முட்டையிடத் தோண்டும் வளைகளால் கால்வாய்க் கரைகளும் கடற்சுவர்களும் நடைபாதைகளும் உட்குழிந்து சரிகின்றன. ஆகவே நில உரிமையாளரின் இசைவுடன் ஆண்டு முழுவதும் அதனை வேட்டையாடலாம். துன்புறுத்திக் கொல்வது மட்டும் அங்கும் குற்றமே. ஊர்வனவற்றின் உடலில் சால்மனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும் என்பதால் இறைச்சியை நன்கு வேகவைத்தல் வேண்டும்.

குளிர் மிகுந்தால் பேரோந்தியின் உடல் விறைத்துவிடும். 2020 சனவரியில், மரங்களிலிருந்து பேரோந்திகள் விழக்கூடும் என்று மியாமி வானிலை அலுவலகம் மக்களை எச்சரித்தது! விழுந்தவற்றுள் பல இறந்தவையல்ல. வெயில் ஏறியதும் எழுந்து ஓடிவிடும்.

உண்பதால் மட்டும் இவ்வினம் குறைந்துவிடுமா? கரீபியக் கடலிலுள்ள கிராண்ட் கேமன் தீவின் அனுபவம் வேறு. அங்கு 2018 அக்டோபரில் அரசு கூலி கொடுத்து வேட்டையைத் தொடங்கியது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பச்சைப் பேரோந்திகள் பிடிக்கப்பட்டன. அடுப்பங்கரை அத்தனையையும் தாங்காது. அதே தீவில் நீலப் பேரோந்தி என்னும் மற்றொரு வகை உண்டு. உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத அவ்வினம் ஒருகாலத்தில் அழிவின் விளிம்பிற்கே சென்றது. இன்று அதனைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்வித்துக் காட்டில் விடுகின்றனர். பச்சை வந்தேறியது, நீலம் அம்மண்ணுக்கே உரியது.

உடும்பின் நிலை நீலப் பேரோந்தியை ஒத்தது. அது இந்நாட்டுக்கே உரிய உயிர். வண்டு, நண்டு, எலி முதலியவற்றைத் தின்று வயலுக்கும் ஏரிக்கரைக்கும் துணைசெய்கிறது. 'உடும்புப்பிடி' என்று அதன் பிடியைப் புகழும் நாமே, அதன் கொழுப்பு மூட்டுவலியைப் போக்கும் என நம்பி அதனைக் கொன்றும் வந்துள்ளோம். இந்நம்பிக்கைக்கு மருத்துவச் சான்று இல்லை. கஞ்சிராவிற்கும் உடும்புத்தோலே போர்த்தப்பட்டது. இன்று ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் பயன்படுகின்றன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு இடம்பெற்றுள்ளது. அதனை வேட்டையாடுவோருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைக்கும்.

புளோரிடாவின் தொல்லை செல்லப்பிராணியில் தொடங்கியது என்பதை நாம் கருதவேண்டும். இந்தியாவிலும் பச்சைப் பேரோந்தியை வீட்டில் வளர்ப்போர் உள்ளனர். 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அவர்கள் அதனை அரசின் பரிவேஷ் இணையத்தளத்தில் பதிவு செய்தல் வேண்டும். வளர்க்க இயலாதபோது ஏரியிலோ தோப்பிலோ விட்டுவிடுவதுதான் பெருந்தவறு. செந்நிறக் காதுப்பட்டை கொண்ட அமெரிக்க ஆமை, தொட்டியில் வளர்க்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டதாலேயே இன்று நம் நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் காணப்படுகிறது.