நிற்குமா, நிற்காதா?

ஒரு தாளில் 'ககம' என்று எழுதிக்கொள்ளுங்கள். இனி ஓர் ஆட்டம். விதி ஒன்றே ஒன்றுதான்: எங்காவது 'கம' என்று சேர்ந்து வந்தால், அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் 'மமக' என்று எழுத வேண்டும். அழிக்க 'கம' இல்லையென்றால் ஆட்டம் முடிந்தது.

ககம → கமமக → மமகமக → மமமமகக

மூன்றே அடியில் நின்றுவிட்டது. ஆனால் ஒவ்வோர் அடியிலும் ஓர் எழுத்து கூடுகிறதே! இன்னும் பெரிதாக எடுத்தால் முடிவே இல்லாமல் நீளாதா? பத்து 'க' எழுதி, கடைசியில் ஒரு 'ம' போட்டால் 1023 அடிகள் ஆகும். அந்த ஒற்றை 'ம' 1024 ஆகப் பெருகியிருக்கும். ஆனாலும் ஆட்டம் நிற்கும். எந்த எழுத்துச் சரத்தில் தொடங்கினாலும் நிற்குமா என்பதை ஆடிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. எத்தனை சரங்களைத்தான் ஆடிப் பார்ப்பீர்கள்?

அதற்கு ஒரு தந்திரம் உண்டு. ஒவ்வொரு 'ம'வுக்கும் மதிப்பெண் போடுங்கள். அதற்கு இடப்பக்கம் 'க' ஒன்றுமே இல்லையென்றால் 0, ஒன்று இருந்தால் 1, இரண்டு என்றால் 3, மூன்று என்றால் 7. ஒவ்வொரு முறையும் இரட்டித்து ஒன்று கூட்ட வேண்டும். எல்லா 'ம'வின் மதிப்பெண்ணையும் கூட்டினால், மேலே ஆடிய ஆட்டத்தில் 3, 2, 1, 0 என்று வரும். சரம் நீள நீள மதிப்பெண் குறைகிறது! ஏன் என்றால், 7 பெற்ற ஒரு 'ம' போனால், தலா 3 பெற்ற இரண்டு 'ம' வருகின்றன. அதாவது 7 போய் 6. எப்போதும் சரியாக ஒன்று குறையும். பூஜ்யத்துக்குக் கீழே இறங்க வழியில்லை. ஆகவே எந்தச் சரத்தில் தொடங்கினாலும், எந்த இடத்தை முதலில் மாற்றினாலும் ஆட்டம் நின்றே தீரும். இதுதான் நிரூபணம்.

இப்போது விதியில் ஒரே ஓர் எழுத்தைக் கூட்டுவோம்: 'கம' வந்தால் 'மமகக'. தொடக்கம் 'கமம'.

கமம → மமககம → மமகமமகக

கடைசிச் சரத்தின் நடுவே பாருங்கள், மறுபடியும் 'கமம'! இனி இது ஓயவே ஓயாது.

கணினி நிரல்களும் இப்படித்தான். விதிப்படி ஒன்றை இன்னொன்றாக மாற்றிக்கொண்டே போகும். சில நிரல்கள் விடை தந்து நிற்கும். சில திரையில் வட்டம் சுற்றவிட்டே நம்மைக் காக்க வைக்கும். எந்த நிரலைக் கொடுத்தாலும் நிற்குமா, நிற்காதா என்று தவறாமல் சொல்லும் ஒரே வழிமுறை இருக்கவே முடியாது என்று 1936-இல் ஆலன் டூரிங் நிரூபித்தார். எல்லாவற்றுக்கும் பொதுவான வழி இல்லை என்பதால் ஆராய்ச்சியாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. ஒவ்வொரு விதித் தொகுப்புக்கும் ஏற்ற மதிப்பெண் முறையைத் தேடிப் பிடிக்க மென்பொருள்களை எழுதினார்கள். 2004-இலிருந்து அந்த மென்பொருள்களுக்கிடையே போட்டியே நடக்கிறது.

இங்கேதான் சிக்கல். மென்பொருள் தரும் நிரூபணம் பக்கம் பக்கமாக நீளும். மனிதர் படித்துச் சரிபார்ப்பது கஷ்டம். மென்பொருளும் மனிதர் எழுதியதுதானே, அதிலும் பிழை இருக்கலாம்.

ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் பல்கலைக்கழகத்தில் இதற்காக உருவானது 'சேட்டா' என்ற சரிபார்ப்பு நிரல். அது நிரூபணத்தைத் தேடாது. பிறர் கொண்டுவரும் நிரூபணத்தை வரி வரியாகச் சோதித்து, "சரி" அல்லது "ஏற்க முடியாது" என்று சொல்லும். மதிப்பெண் முறையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம், கண்டுபிடித்ததைச் சரிபார்ப்பது எளிது. மேலே நீங்களே பார்த்தீர்களே!

சரிபார்ப்பவரை யார் சரிபார்ப்பது? நல்ல கேள்வி. சேட்டா பிழையாக "சரி" சொல்லாது என்பதையே 'இஸபெல்' என்ற மென்பொருளில் நிரூபித்திருக்கிறார்கள். இஸபெல், கேம்பிரிட்ஜில் லாரன்ஸ் பால்சன் தொடங்கியது. எவ்வளவு பெரிய நிரூபணமாக இருந்தாலும், அதன் ஒவ்வோர் அடியும் இஸபெல்லின் உள்ளே இருக்கும் சிறிய மையப் பகுதி ஒன்றின் வழியாகத்தான் போயாக வேண்டும். முக்கியமாக நம்ப வேண்டியது அந்தச் சிறு பகுதியைத்தான். முழுவதையும் நம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

கடைசியாக உங்களுக்கு ஒரு புதிர். மூன்று விதிகள்: கக → மச, மம → கச, சச → கம. சரத்தின் நீளம் மாறவே மாறாது. பார்க்க எளிது, ஆனால் இது எப்போதும் நிற்குமா என்பது நிபுணர்களையே திணறடித்த கேள்வி. 2006-இல் ஹோஃப்பௌவர், வால்ட்மன் இருவரும் "நிற்கும்" என்று நிரூபித்தார்கள். ஒற்றை எண் மதிப்பெண்ணுக்குப் பதிலாக, எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிய அணிகளை அவர்கள் பயன்படுத்தினார்கள். நீங்கள் 'மமமச'வில் தொடங்குங்கள். முதல் இரண்டு 'ம'வை மாற்றினால் ஒரே அடியில் முடிந்துவிடும். சாமர்த்தியமாக ஆடினால் எட்டு அடி வரை இழுக்கலாம். பென்சிலை எடுங்கள், வழியைக் கண்டுபிடியுங்கள்!