படத்தைப் பகிரலாம், கூட்டின் முகவரியை?

பயணம் முடிந்து ஊர் திரும்புபவர் ஒரு டப்பா பஞ்சாமிர்தமோ, நீலகிரித் தைலமோ, ஊட்டி வர்க்கியோ வாங்கிவந்து அண்டை வீடுகளுக்குக் கொடுப்பது நம் வழக்கம். இப்போது அவர் வாசற்படி ஏறுவதற்கு முன்பே அவர் எடுத்த படங்கள் நம் கைப்பேசிக்கு வந்துவிடுகின்றன. வாலாஜாபாத்தில் நான் வசிக்கும் தெருவிலும் ஒவ்வொரு விடுமுறைக்குப் பின்னும் முதுமலை யானையும் சாலையோர மான்கூட்டமும் வலம் வருகின்றன. நான் அவற்றை விரும்பிப் பார்ப்பவன். ஆயினும், பொருளியலைக் கற்பித்தே காலம் கழித்தவனுக்கு ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. எடுத்தவருக்கும் செலவில்லை, பார்ப்பவருக்கும் செலவில்லை என்றால், இந்தப் பண்டத்துக்கு விலை கொடுப்பவர் யார்?

விடை தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பாலாற்றுக்குத் தெற்கே, எங்கள் ஊரிலிருந்து சற்றேறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் வேடந்தாங்கல் இருக்கிறது. முப்பது ஹெக்டேர் அளவே உள்ள சிறிய ஏரி. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டு வீழ்த்த, ஊர் மக்கள் கலெக்டரிடம் முறையிட்டனர். (எங்கள் வாலாஜாபாத்தும் அக்காலத்தில் ஆங்கிலேயப் படை தங்கியிருந்த ஊர்தான்.) 1798இல் கலெக்டர் லயோனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை அம்மக்களுக்குக் கவுல் எழுதிக் கொடுத்தார். அது 1858இல் புதுப்பிக்கப்பட்டது. நாட்டில் வனவிலங்குச் சட்டம் என்ற ஒன்று வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முந்தைய ஏற்பாடு இது.

இதை வெறும் ஜீவகாருண்யமாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். ஏரி மரங்களில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், வக்கா, கரண்டிவாயன் ஆகியவற்றின் எச்சம் நீரில் கலக்கிறது. அந்த நீர் வயலுக்குப் பாய்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் காசில்லாமல் வந்து சேர்கின்றன. உழவர்கள் இதைக் கண்ணால் கண்டு அறிந்திருந்தனர். எனவே துப்பாக்கியைத் தடுத்தார்கள், வேட்டுச் சத்தத்தைத் தவிர்த்தார்கள். தங்கள் அடக்கத்தை விலையாகக் கொடுத்து, விளைச்சலைப் பலனாகப் பெற்றார்கள். பொதுச் சொத்தை அதைச் சார்ந்து வாழும் மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்பதை உலகின் பல மூலைகளிலிருந்து சான்று காட்டி நிறுவியவர் எலினோர் ஆஸ்ட்ரம்; 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய கோட்பாட்டை வகுப்பில் விளக்க எனக்கு வேடந்தாங்கலைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைத்ததில்லை.

படம் பகிரும் பயணியின் நிலை இதற்கு நேர்மாறானது. பாராட்டு அவருக்கு, தொல்லை பறவைக்கும் அந்த ஊருக்கும். ஒருவர் செய்யும் செயலின் செலவு, பேரத்தில் பங்கில்லாத மூன்றாமவர் தலையில் விழுவதைப் பொருளியலில் புறவிளைவு என்போம். ஆலைக் கழிவு கலந்த ஆறு அதற்குப் பாடப்புத்தக உதாரணம். படத்தோடு வெளியாகும் இடக்குறிப்பும் அவ்வகையைச் சேர்ந்ததே.

இது எப்படி நேர்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கைப்பேசியில் இருப்பிட வசதியை இயக்கி வைத்துப் படம் எடுத்தால், நாள், நேரத்துடன் அட்சரேகை, தீர்க்கரேகையும் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டுவிடும். திறந்தவெளியில் அதன் துல்லியம் சில மீட்டர்கள். அதாவது, ஏரி எது என்பது மட்டுமல்ல, எந்தக் கரையோரம் என்பதும் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது இக்குறிப்பு நீங்கிவிடுகிறது. தெளிவு குறையக் கூடாதென்று அதையே ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போய்ச் சேர்கிறது. பலருக்கு இந்த வேறுபாடு தெரியாது. இவ்வளவு நுட்பம்கூடத் தேவையில்லை. ‘இன்ன ஊர், இன்ன கோயிலுக்குப் பின்புறம், ஆந்தைக் குஞ்சுகள்’ என்று படத்தின் கீழே நாமே எழுதிவிடுகிறோம்.

கள்ள வேட்டைக்காரர்கள் இத்தகைய தகவலைத் தேடுகிறார்களா என்று கேட்கலாம். 2013இல், மத்தியப் பிரதேசத்தில் கழுத்துப்பட்டை அணிவிக்கப்பட்ட ஒரு புலியின் இருப்பிடம் பற்றிய தகவல் வந்து சேரும் மின்னஞ்சல் கணக்குக்குள் யாரோ நுழைய முயன்றதாகவும், அது தடுக்கப்பட்டதாகவும் செய்தி வெளியானது. நுழைந்தவரின் நோக்கம் எதுவாயினும், விலங்கின் முகவரிக்கு மதிப்பு உண்டு என்பது அதிலிருந்தே விளங்கும். ஆனால், நான் அதிகம் அஞ்சுவது வேட்டைக்காரரை அல்ல. நம்மைப் போன்ற நல்லவர்களை. ஒரு கூட்டைப் பார்க்க ஒருவர் வந்தால் தாய்ப்பறவை எழுந்து பறந்து திரும்பி அமரும். இருபது பேர் அடுத்தடுத்து வந்தால் முட்டை வெயிலில் காயும். காகம் வந்து கொத்திப் போகும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதை ‘வேட்டை’ என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே வைத்திருப்பது காரணமின்றி அல்ல.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஊர்ப் பெயரின் அருமை எல்லோருக்கும் தெரியும். இங்கு நெய்யப்படும் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஊரின் பெயர் சேர்ந்தால் சேலைக்கு விலை கூடும். காட்டுயிர்க்கு நிலைமை தலைகீழ். ஊரின் பெயர் சேர்ந்தால் அதன் வாழ்வுக்கு ஆபத்து கூடும்.

இதனால் படமே எடுக்க வேண்டாம், பகிரவே வேண்டாம் என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. துப்பாக்கிக்கு மாற்றாகக் கேமராவைத் தூக்கியவர்களால்தான் காட்டின் மீது நமக்கு நேசம் பிறந்தது. 1920களிலேயே இரவில் புலியைப் படமெடுத்த வன அதிகாரி சாம்பியனும், எழுத்தாளர் மாதவையாவின் மகனான மா.கிருஷ்ணனும் அவ்வழியில் முன்னோடிகள். 2012 அக்டோபரில் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தை ஒட்டி அமூர் வல்லூறுகள் பெருந்தொகையாக வலையில் பிடிக்கப்பட்டுக் கொல்லப்படும் காட்சிகள் வெளியாயின. நாடெங்கும் அதிர்ச்சி எழுந்தது. அடுத்த ஆண்டே அப்பகுதிக் கிராமங்கள் அந்த வேட்டையைக் கைவிட்டன. அங்கு இடத்தின் பெயரை மறைத்திருந்தால் தீமையே விளைந்திருக்கும். குற்றம் நடக்கும் இடத்தைச் சொல்லியாக வேண்டும். குஞ்சு பொரிக்கும் இடத்தைச் சொல்லக் கூடாது.

அறிவியலாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பொதுமக்கள் தம் பதிவுகளைச் சேர்க்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளம், அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினமென்றால் துல்லியமான இடத்தை மறைத்து, இருபது கிலோமீட்டர் அளவிலான ஒரு சதுரத்துக்குள் எங்கோ என்று மட்டும் காட்டுகிறது. பறவைப் பதிவுகளுக்கான இபேர்டு தளமும் அரிய இனங்களின் இடத்தை மூடிவைக்கிறது. நாமும் அப்படியே செய்யலாம். ‘வடதமிழகத்து ஏரி ஒன்றில்’ என்றால் படத்தின் அழகு எள்ளளவும் குறையாது. கூடு பிரிந்து குஞ்சுகள் பறந்த பிறகு படத்தை வெளியிட்டாலும் நட்டமில்லை; நண்பர்கள் காத்திருப்பார்கள்.

வேடந்தாங்கலைப் போல ஏற்கெனவே பெயர்பெற்ற இடங்களை மறைக்க முடியாது, மறைக்கவும் வேண்டாம். அங்கே காவலர் உண்டு, கரை உண்டு, தொலைநோக்கிக் கோபுரம் உண்டு. கூட்டத்தைத் தாங்குவதற்கான ஏற்பாடு ஓரளவேனும் இருக்கிறது. முதுமலையில் எடுக்கப்பட்ட ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் விருது பெற்றதும், தெப்பக்காடு யானைகள் முகாமுக்குக் கூட்டம் அலைமோதியது. வனத்துறையின் முகாம் என்பதால் சமாளிக்க முடிந்தது. பெயரில்லாத ஒரு தாங்கலுக்கோ, வயல் நடுவே நிற்கும் ஒற்றை ஆலமரத்துக்கோ அந்தக் கூட்டம் வந்தால் தடுக்க யார் இருக்கிறார்கள்?

2022இல் வேடந்தாங்கலும் அதன் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. இவ்விடங்களின் நுழைவுச் சீட்டில், கேமராவுக்கான கட்டணத்தின் கீழே ஒரு வரி அச்சிட வனத்துறைக்குப் பெரிய செலவாகாது: ‘கைப்பேசியின் இருப்பிடக் குறிப்பை அணைத்துவிட்டுப் படம் எடுக்கவும்.’