விண்மீன்களின் இருப்பிடக் கணக்கு



வடலூரில் இஷாத் தொழுகைக்குப் பின் மொட்டை மாடியில் நின்று பாருங்கள். நெய்வேலிப் பக்கத்து வானம் விளக்கொளியில் வெளிறியிருக்கும். ஆயினும் தை மாத இரவுகளில் கார்த்திகைக் கூட்டமும், அதன் பின்னே செந்நிறத்தில் வரும் ரோகிணியும் உங்கள் கண்ணுக்குத் தப்பா. அந்த ரோகிணிக்கு அரபு மக்கள் இட்ட பெயர் அத்தபரான். பின்தொடர்வது என்பது பொருள். உலகம் இன்றும் அதனை அல்டெபரான் என்றே அழைக்கிறது.

பெயரைச் சொல்லிப் பெருமை பேசுவது எளிது. பெயரிட்டவர்களோ உட்கார்ந்து அளந்தார்கள். அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி கி.பி. 964-இல் விண்மீன்களின் இருப்பிடத்தையும் ஒளியையும் நூலாக்கினார். சமர்கந்தின் அரசர் உலூக் பேக் 1437-இல் ஏறத்தாழ ஆயிரம் விண்மீன்களைப் பட்டியலிட்டார். நம் சென்னையிலும் இப்பணி நடந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வுக் கூடத்தின் பட்டியல் 1844-இல் வெளிவந்தது. அதில் 11,015 விண்மீன்கள்.

ஒருவர் அளந்ததை மற்றொருவர் மீண்டும் அளப்பானேன்? விண்மீன்கள் நகர்கின்றன என்பதே காரணம். மிக விரைந்து இடம் மாறும் பர்னார்டு விண்மீனே வானில் முழுநிலவின் அகலத்தைக் கடக்க ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஆகும். ஒரு மனிதர் தம் வாழ்நாளில் வெறுங்கண்ணால் உணர இயலாத அந்நகர்வை, பழைய பட்டியலும் புதிய பட்டியலும் சேர்ந்தே காட்டுகின்றன. எட்மண்டு ஹாலி 1718-இல் பண்டைய கிரேக்க அளவுகளோடு ஒப்பிட்டே இதனைக் கண்டார்.

தரையிலிருந்து அளப்போருக்குக் காற்றே இடையூறு. அடுப்புக்கு மேலெழும் வெப்பத்தின் ஊடே எதிரிலுள்ள பொருள் நடுங்குவதுபோல, காற்றுமண்டலத்தின் ஊடே விண்மீனும் நடுங்குகிறது. எனவே ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 1989-இல் ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோளை அனுப்பியது. அதன் மோட்டார் ஒன்று இயங்காமற் போகவே, குறித்த சுற்றுப்பாதையை அது அடையவேயில்லை. கைவிடப்பட வேண்டிய அந்தக் கோள் 1993 வரை உழைத்தது. 1,18,218 விண்மீன்களின் பட்டியல் 1997-இல் வெளிவந்தது. அடுத்து 2013-இல் சென்ற கயா, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் 2025 ஜனவரி வரை அளந்தது. 2022-இல் வெளியான அதன் பட்டியலில் ஏறத்தாழ 180 கோடி விண்மீன்கள் உள்ளன. அது திரட்டிய அளவுகள் அனைத்தும் இன்னும் கணக்கிட்டு முடியவில்லை.

தொலைவை அறியும் வழியை உங்கள் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே காட்டலாம். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடச் சொல்லுங்கள். விரல் இடம் பெயர்வதாகத் தோன்றும். விரல் அருகில் வர வர அப்பெயர்ச்சி மிகும். பூமி சூரியனைச் சுற்றுவதால், ஆறு மாத இடைவெளியில் அதன் பாதையின் இரு எதிர்முனைகளும் நமக்கு இரு கண்களாகின்றன. இவ்வாறு ஹிப்பார்க்கஸ் அளந்ததில், ரோகிணி நம்மிடமிருந்து ஏறத்தாழ 65 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இன்றிரவு உங்கள் மாடியில் விழும் அதன் ஒளி, உங்கள் பாட்டனார் இளைஞராயிருந்த காலத்தில் அங்கிருந்து புறப்பட்டதாகும்.