பொன்மலையும் பழைய நீராவி எஞ்சின்களின் அடையாளமும்

பணி ஓய்ந்த நீராவி எஞ்சின் ஒன்று புதுச் சாயம் பூசப்பட்டு மேடையில் நிறுத்தப்படும்போது, அது எந்த வகையைச் சேர்ந்தது, எந்த நிறுவனம் கட்டியது, எந்த ஆண்டில் உருவானது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் அதன் பக்கவாட்டில் எழுதப்பட்ட எண்ணையே விடையாகக் கொள்வது வழக்கமாக இருந்துவருகிறது. அந்த எண் பயனுள்ளதுதான். ஆயினும் ஒரு எஞ்சினில் மிக எளிதாக மாறக்கூடியதும் அதுவே. ஆகவே எண்ணுக்கு அப்பால் சக்கரங்களையும் உருளைகளையும் உலோகத் தகடுகளையும் சேர்த்துப் படிப்பதே அடையாளம் காண்பதற்கான முறையான வழியாகும்.

இந்த வழியை விளக்குவதற்குத் திருச்சிராப்பள்ளியைவிடப் பொருத்தமான ஊர் தமிழகத்தில் அரிது. 1874-ல் உருவான தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடமாக இந்நகரம் விளங்கியது. நாகப்பட்டினத்தில் இருந்த அதன் பணிமனை இடம்பெயர்ந்து 1928-ல் திருச்சியின் பொன்மலையில் நிலைகொண்டது. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், ஸ்ரீரங்கம் வழியாகத் திருச்சியை அடையும் கார்டு லைன் பல பத்தாண்டுகள் மீட்டர் கேஜ் பாதையாகவே, அதாவது தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதையாகவே இருந்தது.

இந்திய ரயில்வேயின் வகைக் குறியீட்டில் முதல் எழுத்து பாதையின் அகலத்தையும் அடுத்த எழுத்து எஞ்சினின் பணியையும் காட்டுகின்றன. ‘டபிள்யூ’ அகலப் பாதைக்கும், ‘ஒய்’ மீட்டர் பாதைக்கும், ‘இசட்’ குறுகிய பாதைக்கும் உரியவை. ‘பி’ பயணிகள் வண்டியையும் ‘ஜி’ சரக்கு வண்டியையும் குறிக்கும். ஒய்.பி., ஒய்.ஜி. ஆகிய இரு வகை எஞ்சின்களும் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு உடன்பிறப்புகளைப் போலவே தோன்றினாலும், சக்கரங்களை எண்ணினால் வேறுபாடு உடனே விளங்கிவிடும். முன்னால் வழிகாட்டும் சக்கரங்கள், நடுவே தண்டுகளால் பிணைக்கப்பட்ட இயக்குசக்கரங்கள், பின்னால் தாங்குசக்கரங்கள் என்று வரிசையாக எண்ணி எழுதும் முறை, அதை வகுத்த அமெரிக்கரின் பெயரால் வைட் முறை எனப்படுகிறது. இம்முறைப்படி ஒய்.பி. 4-6-2, ஒய்.ஜி. 2-8-2 ஆகும். விரைந்து ஓட வேண்டிய ஒய்.பி.யின் இயக்குசக்கரம் 1,372 மில்லிமீட்டர் விட்டமுடையது. பாரம் இழுக்க வேண்டிய ஒய்.ஜி.யின் சக்கரமோ 1,219 மில்லிமீட்டர்தான்.

வகை தெரிந்துவிட்டதால் கட்டியவர் தெரிந்துவிடுவதில்லை. ஒய்.பி. எஞ்சின்களை அமெரிக்காவின் பால்டுவின், கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ், ஜெர்மனியின் கிராஸ்-மாஃபை, ஜாம்ஷெட்பூரின் டெல்கோ எனப் பல நிறுவனங்கள் கட்டின. இவற்றைப் பிரித்தறிய உதவுவது, நிறுவனத்தின் பெயரையும் வரிசை எண்ணையும் ஆண்டையும் வார்ப்பில் தாங்கிய தயாரிப்புத் தகடு. சில நிறுவனங்களுக்குத் தகட்டின் வடிவமே ஒரு சான்று: நார்த் பிரிட்டிஷ் நிறுவனத்தின் குயின்ஸ் பார்க் ஆலை சாய்சதுர வடிவத் தகட்டையும், ஹைட் பார்க் ஆலை வட்டத் தகட்டையும் பொருத்தின. தகடு களவுபோயிருந்தாலும், அது இருந்த இடத்தில் எஞ்சியுள்ள திருகுத் துளைகளின் அமைப்பு ஓரளவு வழிகாட்டும்.

இங்கு ஒரு சிக்கலைக் கூறியாக வேண்டும். கொதிகலனைப் பழுதுபார்க்க ஆகும் காலம் எஞ்சினின் மற்றப் பாகங்களுக்கு ஆகும் காலத்தைவிட அதிகம் என்பதால், பணிமனைகள் மாற்றுக் கொதிகலன்களைத் தயாராக வைத்திருந்து, வந்த எஞ்சினில் வேறொன்றைப் பொருத்தி அனுப்பிவிடுவது வழக்கமாக இருந்தது. இவ்வாறு சில சுற்றுகள் முடிந்த எஞ்சினில் கொதிகலன் ஓரிடத்திலிருந்தும், டெண்டர் எனப்படும் நிலக்கரி-நீர் வண்டி வேறிடத்திலிருந்தும் வந்திருக்கக்கூடும். எனவே எல்லாவற்றையும் தாங்கும் அடிச்சட்டத்தையே எஞ்சினின் அடையாளமாகக் கொள்வது பொது மரபு. இணைப்புத் தண்டுகளில் உளியால் பொறிக்கப்பட்ட எண்களும், சாயத்துக்கு அடியில் மறைந்திருந்தாலும், தகட்டைவிட நம்பத்தக்க சாட்சிகளாக அமைவதுண்டு.

இவ்வகையில் மிக வளமான எடுத்துக்காட்டு நீலகிரி மலை ரயிலின் ‘எக்ஸ்’ வகை. இப்பெயரே முதலில் தடுமாற வைக்கும். ‘டபிள்யூ’ எழுத்துக்கு முன்பு, 1920-களில் வகுக்கப்பட்ட இந்தியத் தர வரிசையில் எக்ஸ்.ஏ., எக்ஸ்.பி., எக்ஸ்.சி. ஆகியவை அகலப் பாதை எஞ்சின்களாக இருக்க, நீலகிரியின் எக்ஸ் மீட்டர் பாதையில் ஓடுவது. ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் இருந்த எஸ்.எல்.எம். நிறுவனம் 1914 முதல் 1925 வரை 12 எஞ்சின்களையும், 1952-ல் மேலும் 5 எஞ்சின்களையும் கட்டியது. சக்கர வரிசை 0-8-2. டெண்டர் கிடையாது, நீரை எஞ்சினே சுமக்கும். பக்கத்துக்கு இரண்டாக, ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த நான்கு உருளைகள்தாம் இதன் தவறாத அடையாளம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, 12 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றத்தில், ஒரு ஜோடி உருளைகள் வழக்கமான சக்கரங்களைச் சுழற்ற, அவற்றில் ஒருமுறை உழைத்து வெளியேறும் நீராவியே மறு ஜோடிக்குச் சென்று, தண்டவாளங்களுக்கு நடுவேயுள்ள பல்வரிசையைக் கவ்வும் பற்சக்கரங்களை இயக்குகிறது. ஒரே நீராவியை இருமுறை உழைக்க வைக்கும் இந்தக் கூட்டு முறை ஒரு பொறியியல் அருஞ்செயல் என்றால் மிகையாகாது.

இந்த அரிய பொறியைப் பொன்மலைத் தொழிலாளர்கள் பழுதுபார்த்ததோடு நிற்கவில்லை. 2010-களில் எண்ணெயால் எரியும் புதிய எக்ஸ் எஞ்சின்களையும், 2021-ல் நிலக்கரியால் எரியும் எஞ்சினையும் பொன்மலையிலேயே கட்டி முடித்தனர். வடிவம் விண்டர்தூருடையது, உழைப்பும் ஆண்டும் திருச்சிக்கு உரியவை. ஆதலால் நீலகிரி மலை ரயிலைத் தள்ளிச் செல்லும் எஞ்சின் எதுவாயினும் அதை நூறாண்டு பழையது என்று பொதுவாக எழுதிவிடுவது, பழைய எஞ்சினுக்கும் நியாயமில்லை, புதியதைக் கட்டியவர்களுக்கும் நியாயமில்லை. பொன்மலையில் பிறந்த எஞ்சினைப் பொன்மலையின் பெயராலேயே குறிப்பிடுவதுதான் முறை.

காட்சிக்கு எஞ்சின்களை நிறுத்தும் நிர்வாகங்கள் தயாரிப்புத் தகட்டின்மேல் சாயம் பூசாமலும், பொறித்த எண்களைத் தேய்த்து அழிக்காமலும் காப்பதோடு, வகை, கட்டிய நிறுவனம், வரிசை எண், ஆண்டு, இறுதியாகப் பணியாற்றிய இடம் ஆகியவற்றைத் தமிழில் பலகையில் எழுதிவைக்க வேண்டும். இத்தகைய எஞ்சினைப் படமெடுக்கும் வாசகர்கள் அதன் முகத்தை மட்டும் படமெடுத்துத் திரும்பாமல், பக்கவாட்டுச் சக்கரங்களையும் தகட்டையும் தண்டில் பொறித்த எண்களையும் தனித்தனியே படமெடுத்து, நாளையும் இடத்தையும் குறித்து வைப்பார்களாக.