தழலும் தண்மையும்: ஒரு குடித்தொழிலின் வரலாறு

"தந்தையின் தொழிலை மைந்தன் கைவிடலாமா, ஐயா?" என்னும் வினாவை அண்மையில் மாணவர் ஒருவர் வகுப்பிலே எழுப்பினார். அவர் கம்மியர் குடியிற் பிறந்தவர். பாட்டனார் நிறுவிய உலைக்களம் இன்றும் அவர் வீட்டின் அருகே இருக்கின்றது. தந்தையாருக்குப் பின் அதனை நடத்துவார் இவரையன்றி வேறிலர். இவரோ ஆசிரியராக விரும்புகின்றார்.

இலக்கணத்தில் எழும் ஐயத்தைச் சூத்திரங் காட்டித் தீர்க்கலாம். இவ்வையம் அவ்வாறு தீர்வதன்று. ஆதலால், ஒரு கம்மியரிடம் தோன்றி, நான்கு தலைமுறை தழைத்துப் பின்னர்ப் பிறர்கைச் சென்ற ஒரு தொழிலின் வரலாற்றை அவர்க்குக் கூறினேன். அதனையே ஈண்டு வாசகர்க்கும் கூறப் புகுகின்றேன்.

அது ஜேர்மனி நாட்டு வரலாறு. வெயிலுக்கு அஞ்சி நிழல் தேடும் நமக்கு, மனையைச் சூடாக்குதற்கென ஒரு தொழில் உண்டென்பதே வியப்பாகத் தோன்றும். அந்நாட்டிலோ மாரிக்காலத்தில் நீர் உறையும். வெம்மையில்லாத மனையில் முதியோரும் குழந்தைகளும் உயிர் தாங்குதல் அரிது. வீட்டின் நிலவறையிலே கொதிகலம் ஒன்றை அமைத்து, நிலக்கரியையோ எண்ணெயையோ வாயுவையோ எரித்து நீரைக் காய்ச்சுவர். காய்ந்த நீர் குழாய் வழியே அறைதோறும் சென்று தன் வெப்பத்தை ஈந்து, ஆறியபின் மீளவும் கொதிகலத்தை அடையும். உடலில் குருதி ஓடுமாறு போல இஃது ஓயாது நிகழும்.

இக்கொதிகலங்களாற் பெயர்பெற்ற குடும்பம் வீஸ்மன் குடும்பம். யோகான் வீஸ்மன் என்பவர் பூட்டும் இரும்புவேலையும் பயின்ற கம்மியர். முதல் உலகப்போர் நடந்த 1917 ஆம் ஆண்டிலே, பவேரியாவிலுள்ள ஹோஃப் நகரில் சிறியதொரு பட்டறையை அவர் தொடங்கினார். அக்காலத்துக் கொதிகலங்கள் வார்ப்பிரும்பினாலானவை. வார்ப்பிரும்பு தடித்தது, கனத்தது, சூடேறக் காலந் தாழ்ப்பது, எரிபொருளை மிகுதியாக உண்பது. கண்ணாடிக் குடில்களிற் செடி வளர்ப்போருக்கு இது பெருந்தொல்லையாயிற்று. ஓர் இரவு வெப்பங் குன்றினும் அவர்தம் பயிர் முழுதும் கருகிவிடும். இக்குறையை நோக்கிய யோகான், 1928 அளவிலே உருக்குத் தகட்டினாற் கொதிகலஞ் செய்யத் தொடங்கினார். தகடு மெல்லியதாதலின் விரைவிற் சூடேறியது, எரிபொருளும் மிஞ்சியது. 1937 இல் தொழிலகம் ஹெசன் மாநிலத்திலுள்ள அலென்டோர்ஃப் என்னுஞ் சிற்றூருக்குப் பெயர்ந்தது.

பட்டறை தோன்றிய அதே ஆண்டிலே பிறந்தவர் யோகானின் மைந்தர் ஹான்ஸ். போரினால் நாடு பாழ்பட்டுக் கிடந்த 1947 இல் அவர் பொறுப்பை ஏற்றார். தந்தையார் காலத்துக் கொதிகலம் நிலக்கரிக்கும் விறகுக்கும் உரியது. ஹான்சின் காலத்திலே எண்ணெய் வந்தது, வாயு வந்தது. அவற்றிற்கேற்ற கலங்களை அவர் ஆக்கினார். ஊர்ப் பட்டறை பெருந்தொழிலகமாயிற்று. மூன்றாந் தலைமுறையினரான மார்ட்டின் 1990 களின் தொடக்கத்திலே தலைமை ஏற்றார். அவர் காலத்தில் தொழில் பல நாடுகளிலும் பரவியது. அவர் மைந்தர் மக்ஸ் நான்காந் தலைமுறையினர்.

இவ்விடத்தே மாணவர் இடைமறித்து, "அவர்கள் எல்லோரும் தந்தை தொழிலையே செய்தார்கள் அல்லவா?" என்றார். ஆம் என்பதும் அன்று என்பதும் பொருந்தும். வார்ப்பிரும்பே உலகென்றிருந்த நாளில் யோகான் அதனை விடுத்தார். தந்தை அறிந்த கரியடுப்பை மைந்தர் மாற்றினார். பெயர் ஒன்றாக நிற்க, செய்பொருள் தலைமுறைதோறும் மாறிக்கொண்டே வந்தது. எனினும் ஒன்று மட்டும் மாறவில்லை. அதுதான் தீ. எதனை எரிப்பது என்பதே வினாவாக இருந்ததன்றி, எரிப்பதா என்னும் வினா எழவில்லை.

அவ்வினாவும் எழுந்தது. எரிபொருட் புகையினால் உலகம் வெப்பமுறுகின்றதென்பது தெளிவாயிற்று. 2022 இல் உக்ரேன் போர் மூண்டபின், உருசியாவிலிருந்து வந்த வாயுவும் அருகிற்று. ஜேர்மனியின் வீடுகளில் ஏறத்தாழப் பாதி வாயுவினாற் சூடேறுவன. புதிதாகப் பொருத்தும் வெப்பப் பொறிகள் தமக்கு வேண்டும் சக்தியில் 65 வீதத்தையேனும் புதுப்பிக்கத்தக்க வழியாற் பெறல்வேண்டும் என்னும் சட்டவரைவு 2023 இல் எழுந்து, நாடெங்கும் பெரும்பூசலை விளைத்தது.

தீயின் இடத்தைப் பெற வந்த கருவி வெப்பப் பம்பி. மாரிக்காலத்துக் காற்றிலும் ஓரளவு வெப்பம் உண்டு. எளிதில் ஆவியாகும் திரவம் ஒன்று அவ்வெப்பத்தை ஏற்று ஆவியாகும். அவ்வாவியை மின்விசையால் அமுக்க, அதன் சூடு மிகும். அச்சூட்டை வீட்டு நீருக்கு ஈந்துவிட்டு அது மீளத் திரவமாகும். ஒரு பங்கு மின்சக்தியைச் செலவிட்டு ஏறத்தாழ மூன்று பங்கு வெப்பத்தை இவ்வாறு பெறலாம். நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் நிகழ்வதும் இதுவே. அது தன் அகத்துள்ள வெப்பத்தைப் புறத்தே தள்ளுகின்றது. வெப்பப் பம்பி புறத்துள்ளதை அகத்தே கொணர்கின்றது. தழலைத் தருவதும் தண்மையைத் தருவதும் ஒரே பொறியின் இருமுகங்களாயின.

வீஸ்மன் குடும்பத்தார் இக்கருவியை அறியாதவரல்லர். 1970 களின் பிற்கூற்றிலேயே அதனைச் செய்தவர். ஆயினும், குளிரூட்டும் பொறிகளைப் பெருந்தொகையாக ஆக்கிப் பழகிய ஆசிய, அமெரிக்க நிறுவனங்கள் இப்போது அவர்தம் களத்திலே புகுந்தன. அவற்றோடு தனித்து நிற்றல் அரிதென மக்ஸ் கருதினார். 2023 ஏப்ரில் மாதத்தில், வெப்பப் பொறித் தொழிலை 1,200 கோடி யூரோவுக்கு அமெரிக்காவின் கரியர் நிறுவனத்திற்கு விற்கும் முடிவு வெளியாயிற்று. விலையில் ஐந்தில் நான்கு பங்கு பணமாகவும், எஞ்சியது கரியரின் பங்குகளாகவும் அமைந்தன. 2024 சனவரி 2 ஆம் நாள் விற்பனை நிறைவேறியது.

வாங்கிய நிறுவனத்தின் பிறப்பு, ஏட்டோடு பழகும் நமக்குச் சுவையானது. 1902 இல் நியூயோர்க்கின் புறூக்ளினில் ஓர் அச்சகம் இருந்தது. காற்றின் ஈரத்தினால் தாள் விரிந்தும் சுருங்கியும், ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் வண்ணங்கள் பிறழ்ந்தன. இருபத்தைந்து வயதினரான வில்லிஸ் கரியர் என்னும் பொறியியலாளர், காற்றின் ஈரத்தை அடக்கும் பொறியொன்றை வகுத்தார். இக்காலக் குளிரூட்டற் றொழில் அவ்வச்சகத்திலே பிறந்ததென்பர். 1915 இல் தம் நண்பர் அறுவரோடு அவர் நிறுவிய நிறுவனமும் 1979 இற் பிறர்கைச் சென்று, 2020 இலேதான் மீளவும் தனித்து நின்றது. விற்கப்பட்ட நிறுவனமே பிறிதொன்றை வாங்கிற்று.

இனி, மக்ஸ் செய்தது தகுமா? வழிவழி வந்த செல்வத்தைப் பிற நாட்டார்க்கு ஈந்தார் என ஜேர்மனியிற் பலர் வருந்தினர். அவ்வருத்தம் பொய்யன்று. ஏறத்தாழ 11,000 பேர் அத்தொழிலால் வாழ்ந்தனர். அலென்டோர்ஃப் போன்ற சிற்றூருக்கு அத்தொழிலகமே உயிர். ஆயினும், விற்பனை ஒப்பந்தத்தில் குடும்பத்தார் சில உறுதிகளைப் பெற்றனர். மூன்றாண்டுகளுக்கு ஆட்குறைப்பு இல்லை. பத்தாண்டுகளுக்குத் தலைமையிடம் அலென்டோர்ஃபிலேயே இருக்கும். தொழிலின் 106 ஆண்டுகளை எண்ணி, 10 கோடியே 60 இலட்சம் யூரோவைத் தொழிலாளர்க்குப் பகிரவும் முடிவுசெய்தனர்.

இவை போதுமா? பத்தாண்டு நீண்டதன்று, அதன் பின்னர் அவ்வூர் என்னாகும் என்பதே இவ்விற்பனையை அளக்கும் கோல். எனினும், நான் கண்ட உண்மை ஒன்றுண்டு. மரபு என்பது கருவியன்று. வார்ப்பிரும்புமன்று, உருக்குமன்று, தீயுமன்று. குளிரில் நடுங்குவார்க்கு வெம்மை தருதலும், தம்மை நம்பி உழைப்பாரைத் தாங்குதலுமே அக்குடியின் தொழில். கருவியை விடுவோன் மரபை விட்டவனாகான். நம்பினோரை நட்டாற்றில் விடுவோனே அதனை விட்டவனாவான்.

இவ்வளவுங் கேட்ட மாணவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "ஐயா, அப்பாவின் பட்டறையில் இருவர் வேலை செய்கின்றனர். அவர்களைப் பற்றி நான் இதுவரை எண்ணவில்லை" என்றார். அவர் ஆசிரியராவதில் இனி எனக்குத் தடையில்லை.