ஒற்றைக் குரலும் சுரக்கூட்டும்

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கோயில்களில் ஒலிக்கும் நாகசுரம் ஒரு வேளையில் ஒரு சுரமே தரும். 1970இல் வெளிவந்த மினிமூக் என்னும் மின்னிசைக் கருவியும் அத்தகையதே. கட்டைகள் பலவற்றை அழுத்தினும் ஒன்றற்கே இசையும். ஆயின் அதனுள் ஒலியை ஆக்கும் அலையங்கள் மூன்று உள. அவற்றின் மீடிறன்களை 4:5:6 என்னும் விகிதத்தில் அமைப்பின், ஒரே கட்டையில் சட்சமம், அந்தர காந்தாரம், பஞ்சமம் ஆகிய மூன்றும் ஒருங்கெழுந்து சுரக்கூட்டாகும்.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. கட்டை மாறினும் விகிதம் மாறாது. சங்கராபரணத்தின் ரிஷபத்தை அழுத்தினால், இரண்டாம் அலையம் எழுப்புவது அவ்விராகத்திற்கு அயலான பிரதிமத்திமமே.

இக்குறையை நீக்கியது ஒலிநாடா. முன்னரே, 1968இல், வெண்டி கார்லோசு என்பார் பாக்கின் இசையை மூக் கருவியில் ஒவ்வொரு குரலாக வாசித்து, பல்தட நாடாவிற் பதிந்து இணைத்தார். அவ்வழியிற் காலம் மிகச் செலவாகும். எனினும் கூட்டிலுள்ள ஒவ்வொரு சுரமும் தன் வழியே நடத்தல் கூடும்.